ஆஸ்லோ போகிற பாப்பாவுக்கு

மதுரை
மே 12

அன்புள்ள பாப்பா,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். மூன்று பெண்கள், நாலு நாள், நார்வேயில் ஆஸ்லோ. சாப்பாட்டுக்கு நீ ஒதுக்கியிருக்கும் தொகையைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. போனில் சொன்னால் பாதியைக் காதில் வாங்காமல் "சரிம்மா சரிம்மா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போன ஜூனில் உன் அண்ணன் வீட்டிலிருந்து, ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் பஸ் ஏறி, நானும் அப்பாவும் போய்வந்த அதே ஊர்தானே.

அந்த மலிவு விமான டிக்கெட்டை இன்னும் வாங்கவில்லைதானே? ஆஸ்லோ என்று போட்டிருந்தாலும் பக்கத்தில் 'டோர்ப்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதா என்று பார். டோர்ப் இருப்பது ஆஸ்லோவில் இல்லை. தெற்கே 110 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மதுரை என்று டிக்கெட் கொடுத்துவிட்டுக் கோவில்பட்டியில் இறக்கிவிடுகிற மாதிரி. அங்கிருந்து வரும் பஸ் காசையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய். கார்டர்மூன் விமான நிலையத்தில் இறங்கினால் கண்ணுக்கு முதலில் படுவது எக்ஸ்பிரஸ் ரயில்தான். அதே ஸ்டேஷனிலிருந்து சாதாரண ரயிலும் போகிறது. நேரத்தில் சில நிமிஷம்தான் வித்தியாசம், கட்டணம் ஏறக்குறைய பாதி. நாங்கள் திரும்பும்போது அதில்தான் போனோம்.

அங்கே போனதும் ரூபாயில் மாற்றிப் பார்ப்பதை நிறுத்திவிடு. அப்பா முதல் இரண்டு நாளையும் அதிலேயே கெடுத்துக்கொண்டார். அந்த ஊர்க் காசு ஒரு குரோனர் அப்போது எட்டு ரூபாய்ச் சொச்சம். ஒரு காபி 50 குரோனர் பக்கம். ஆசைப்பட்டு ஒன்று வாங்கி இருவரும் பகிர்ந்துகொண்டோம். அவர் காபியைக் குடிக்கவில்லை, நானூறு ரூபாயைக் குடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பெருமூச்சு. மூன்றாம் நாள் போனில் இருந்த கால்குலேட்டரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் மனுஷன் தலையைத் தூக்கி ஊரைப் பார்த்தார்.

அந்த ஊர்க்காரர்கள் மட்டும் தினமும் ஹோட்டலில் சாப்பிடுகிறார்கள் என்று நினைக்காதே. நல்ல சம்பளம் வாங்குகிறவர்களும் மதியத்துக்கு வீட்டிலிருந்து ரொட்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். 'மாட்பாக்கே' என்று பெயர். நம் கட்டுச்சோறுதான். ஒரு துண்டின் மேல் இன்னொன்று ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் வைக்க என்றே தனியாக ஒரு தாள் கடையில் விற்கிறது. அதைப் பார்த்த அன்றிலிருந்து எனக்குக் கூச்சம் போய்விட்டது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவர்கள் மடியிலும் அதே டப்பா.

ரொட்டிக்குள் வைக்க ப்ருனோஸ்ட் என்ற பழுப்புச் சீஸை வாங்கு. பாலைத் திரித்தபின் நிற்கும் தண்ணீரைப் பழுப்பாகும்வரை சுண்டக் காய்ச்சிச் செய்கிறார்களாம். திரட்டுப்பாலில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் எப்படி இருக்கும், அதுதான் ருசி. மெல்லிசாகச் சீவித்தான் சாப்பிட வேண்டும், கட்டியாகக் கடித்தால் திகட்டும். காய்கறிக்குக் குரோன்லாண்ட் பகுதிக்குப் போ. வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும், திறந்திருக்கும் சின்னக் கடைகளில் விலை ஏறும். தங்குமிடம் எங்கே என்பதைவிட, அதில் அடுப்பு இருக்கிறதா என்று முதலில் பார்.

தங்குமிடம் என்றதும் ஞாபகம் வருகிறது. பெட்ஷீட் எடுத்துக்கொண்டு போ. நாங்கள் தங்கிய விடுதியில் கட்டில் மெத்தைக்கு ஒரு வாடகை, அதன்மேல் விரிக்கும் துணிக்குத் தனி வாடகை. நெட்டில் பதிவு செய்யும்போது அது பொடி எழுத்தில் எங்கோ இருந்திருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு, வெளியே இன்னும் வெயில் அடிக்கிறது, கவுன்ட்டரில் நின்று உன் அப்பா அந்தப் பையனிடம் "துணி இல்லாமல் மெத்தையில் எப்படிப்பா படுப்பது?" என்று தமிழிலேயே கேட்டார். கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

தண்ணீர் பாட்டில் வாங்கவே வாங்காதே. இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஆஸ்லோவின் அம்மருட் பகுதி முருகன் கோயிலில் பார்த்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஏன் காசு குடுத்துத் தண்ணிப் போத்தல் வாங்குறீங்கள்? பைப்பில வாறதே நல்ல தண்ணி" என்றார். எண்பதுகளில் வந்தவர். முதல் வேலை வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையிலாம். "விரலெல்லாம் விறைச்சுப் போகும்" என்று கையை நீட்டிக் காட்டினார். அப்படித் தொடங்கியவர்கள் நிறையப் பேர் என்றார். வெள்ளிக்கிழமை முடிந்தால் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வா. சாமிக்காக இல்லாவிட்டாலும் நாலு தமிழ்க் குரல் கேட்கலாம்.

வாங்கிய பாட்டிலையும் தூக்கிப் போடாதே. விலையிலேயே முன்பணம் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், சின்னதுக்கு இரண்டு குரோனர், பெரியதுக்கு மூன்று. சூப்பர் மார்க்கெட் ஓரத்தில் ஒரு இயந்திரம் இருக்கும், பாட்டிலை அதன் வாய்க்குள் வைத்தால் உறிஞ்சிக்கொண்டு சீட்டு தரும், அதைக் கடையில் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். அப்பாவுக்கு ஒரே குஷி. பூங்காவில் கிடந்ததையும் பொறுக்கப் போனார். அதை நம்பிப் பிழைக்கிற ஏழைகள் அந்த ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு விடுங்கள் என்று தடுத்தேன்.

ட்ராம், பஸ், சுரங்க ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். ஒரு தடவைக்கு நாற்பது சொச்சம் குரோனர், ஒரு மணி நேரம் செல்லும். ஒரு நாளில் நாலைந்து தடவை ஏறுவதாக இருந்தால் 24 மணி நேர டிக்கெட் லாபம். ஸ்டேஷனில் தடுக்கும் கதவு எதுவும் இல்லை என்று சும்மா ஏறிவிடாதே, பிடித்தால் அபராதம் ஆயிரம் குரோனருக்கு மேல். இதே டிக்கெட்டில் படகும் ஏறலாம் என்பதுதான் விஷயம். நகர மண்டபத்துக்கு எதிரே படகுத்துறை. ஹோவெடோயா தீவுக்குச் சில நிமிஷம்தான். 1147-இல் கட்டிய மடாலயத்தின் இடிந்த சுவர்கள், காடு, கடலில் குளிக்க ஒரு கரை. சுற்றுலாப் படகுக்குக் காசைக் கொட்டுகிறவர்களைக் கரையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விகெலாண்ட் பூங்காவுக்கு 12-ஆம் எண் ட்ராம். கட்டணம் இல்லை, கதவு எந்நேரமும் திறந்தே இருக்கும். இருநூறுக்கு மேல் சிலைகள், எல்லாம் விகெலாண்ட் என்ற ஒரே சிற்பியின் படைப்புகள். நடுவில் ஒற்றைக் கல் தூண், அதில் 121 மனித உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கின்றன. செதுக்க மூன்று கல்தச்சர்களுக்கு 14 வருஷம் பிடித்திருக்கிறது. ஓப்ரா கட்டடத்தின் கூரை வெள்ளைப் பளிங்குச் சரிவு, தண்ணீரிலிருந்து உச்சிவரை நடந்தே ஏறலாம். ஈரமானால் வழுக்கும், அந்தக் கட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதே.

அதற்கு எதிரே தைக்மன் நூலகம். 2020-இல் திறந்தது. ரயில் நிலையக் கழிப்பறைக்குக் காசு கேட்கிறார்கள், இங்கே இலவசம். நான் உள்ளே போனது அதற்காகத்தான், மறைப்பானேன். ஆனால் மேல் மாடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், கோயில் மாதிரி. சுவர் முழுக்க மரம், அடுக்கடுக்காக, இடையிடையே கண்ணாடி இழுப்பறைகள். வருஷத்துக்கு ஒரு எழுத்தாளர் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுக்கிறார், அது அந்த இழுப்பறைக்குள் போகிறது. 2114 வரை யாரும் படிக்கக்கூடாது. அப்போது அச்சடிக்கக் காகிதத்துக்கென்று ஊருக்கு வெளியே காட்டில் 2014-இலேயே ஆயிரம் மரக்கன்று நட்டிருக்கிறார்கள். உள்ளே நானும் அப்பாவும் மட்டும். மர வாசனை. அவர் மெல்ல, "நம்ம பாப்பாவோட பேரன் பேத்தி படிக்கும்" என்றார். ரூபாய்க் கணக்கு பேசாத முதல் வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஏழாம் வகுப்புக் கண்காட்சிக்கு நீ தெர்மகோலில் ஒரு கப்பல் செய்தாயே, சுற்றிலும் பஞ்சை ஒட்டி அதுதான் பனி என்று. ஃப்ராம். அந்தக் கப்பல் அங்கே இருக்கிறது. பிக்தோய் என்ற பகுதியில், 30-ஆம் எண் பஸ்ஸில் போய் இறங்கினால் வாசல். பனி நெருக்கினால் உடையாமல் மேலே எழும்பும்படி உருண்டையாகக் கட்டிய அதே கப்பல், 1911-இல் தென் துருவத்தைத் தொட்ட அமுண்ட்சென் போன அதே கப்பல். மேல்தளத்தில் ஏறி, உள்ளேயும் இறங்கிப் பார்க்கலாமாம். டிக்கெட் ஆளுக்கு இருநூறு குரோனருக்குப் பக்கம். அப்பா இரண்டால் பெருக்கினார், அப்புறம் எட்டால் பெருக்கினார். நானும் "வேண்டாம், வெளியிலேயே போட்டோ எடுத்துக்கலாம்" என்றேன். தண்ணீர் ஓரமாகப் பாறையில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் சொந்தக்காரர்களுக்கென்று ஃபிரிட்ஜில் ஒட்டும் பொம்மை எட்டு வாங்கினார். கூட்டிப் பார்த்தால் இரண்டு ஃப்ராம் டிக்கெட்டைவிட அதிகம். அதில் ஒன்றுதான் இப்போது நம் வீட்டுக் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது.

உன் கணக்கில் மூவாயிரம் ரூபாய் போட்டிருக்கிறேன். ஃப்ராமுக்கு மட்டும். ரொட்டி வாங்கிவிடாதே. மாணவர் அட்டையைக் காட்டிக் கட்டணம் குறையுமா என்று கேள், மிச்சத்துக்குக் காபி குடி, யாருடனும் பங்கு போடாமல். அந்த மாலுமிகள் படுத்த அறைகள் எவ்வளவு பெரிசு, குனிந்து போக வேண்டுமா, உள்ளே என்ன வாசனை, எல்லாம் எழுது. அப்பா கேட்டால் பெட்ஷீட் வாடகைக்குப் போட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா