பால்பல்தானே என்று பிடுங்கிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரிளம் பருவத்தினரின் பல்வரிசைக் கோளாறு பற்றித் தங்கள் இதழின் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். கம்பியின் வகைகள், செலவு, அதைப் பராமரிக்கும் முறை எல்லாம் விரிவாக இருந்தன. கம்பி போடும் வயதுக்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பே வீட்டில் நடந்துவிடும் தவறைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி. செய்யுளைப் பிசகில்லாமல் சொல்வாள். குரல் கணீரென்று இருக்கும். ஆனால் எழுந்து நின்றதும் புத்தகத்தை மூக்குவரை உயர்த்திக்கொள்வாள். மேல்வரிசைக் கோரைப்பற்கள் இரண்டும் இடமில்லாமல் ஈறின் உயரத்தில், உதட்டைத் தள்ளிக்கொண்டு முளைத்திருக்கின்றன. அவளுடைய அம்மா தென்னந்தோப்பில் கூலிவேலை செய்கிறவர். விசாரித்தபோது, “ரெண்டாம் வகுப்பில் கடைவாயில் இரண்டு பக்கமும் சொத்தை. ராத்திரியெல்லாம் அழுதாள். விழப்போகிற பல்தானே டீச்சர் என்று பிடுங்கிவிட்டோம்” என்றார். இந்தப் பதிலை எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கடைவாய்ப் பால்பற்கள் தானாக விழும் காலம் 9 முதல் 12 வயது. அவற்றுக்குப் பின்பக்கத்தில் 6 வயதிலேயே முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் வந்து நின்றுவிடுகிறது. முன்னால் இருக்கும் பால்பல்லை 7 வயதில் எடுத்துவிட்டால், பின்னால் நிற்கும் பல் அந்த வெற்றிடத்துக்குள் மெல்லச் சாய்ந்து நகர்ந்துவிடும். பிறகு முளைக்க வேண்டிய பற்களுக்கு இடம் போதாது. மேல்வரிசையில் கோரைப்பல் முளைப்பது பெரும்பாலும் 11, 12 வயதில். அக்கம்பக்கத்துப் பற்கள் அதற்குள் இடம் பிடித்துவிடுவதால், தாமதமாக வரும் அது வரிசைக்கு வெளியே தள்ளப்படுகிறது. அதைத்தான் நாம் தெற்றுப்பல் என்கிறோம். ராசி என்று சொல்லித் தேற்றுகிறவர்களும் உண்டு. சொத்தைப் பல்லைக் கூடுமானவரை அடைத்துக் காப்பாற்றுவது, எடுத்தே தீர வேண்டுமென்றால் பக்கத்துப் பல்லில் சிறு வளையமும் கம்பியும் மாட்டி அந்த இடத்தைக் காப்பது ஆகிய இரண்டும் எளிய சிகிச்சைகள். அவை இருப்பதே இங்கே பலருக்குத் தெரியாது.

இது ஒரு சில வீட்டுப் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம் நகரில் 12 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 1969-இல் வெளியிட்ட ஆய்விலேயே, ஏறக்குறைய 45 விழுக்காட்டினருக்குப் பல்வரிசையிலோ கடியிலோ (மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்திலோ) கோளாறு இருந்தது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வந்த கட்டுரை, பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு வகைக் கோளாறு உண்டு என்கிறது. பரம்பரைத் தாடை அமைப்பு, விரல் சூப்புவது, மூக்கடைப்பால் வாய்வழியே மூச்சுவிடுவது என்று காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் சிகிச்சை தேவை என்பதும் இல்லை. லேசான கோணலோடு நிம்மதியாக வாழலாம். ஆனால் இது அழகு சம்பந்தப்பட்டது மட்டும்தான் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மேல் முன்பற்கள் 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால், விழுந்து அடிபடும்போது அவை உடையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெருக்கியடித்து நிற்கும் பற்களில் பிரஷ் சரியாக நுழையாது. மறுபடியும் சொத்தை, ஈறு வீக்கம்.

14 வயதுக்குப் பிறகு கம்பி போட்டுச் சரிசெய்யலாம், உண்மைதான். ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் மருத்துவரிடம் போக வேண்டும். அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றால் எங்களுக்குத் திருச்சூர் அல்லது கோழிக்கோடு. பஸ் செலவோடு அன்றைய கூலியும் போகும். பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ தனியாரிடம் போகும் வசதி எத்தனை வீட்டில் இருக்கிறது?

பிறப்பிலிருந்து 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பட்டியலில் பல் நோயும் உண்டு. எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் நடந்த முகாமில், பிள்ளைகளை வாயைத் திறக்கச் சொல்லிச் சொத்தையை மட்டும் குறித்துக்கொண்டார்கள். பல்லைக் கடித்துக் காட்டு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சீட்டில் இருந்தது மலையாளமும் ஆங்கிலமும். பல தாய்மார்களுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். அந்தச் சீட்டுகளில் பல புத்தகப் பைக்குள்ளேயே கசங்கிப்போயின.

இரண்டாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் கடியையும் முகாமிலேயே பார்க்க வேண்டும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பள்ளிகளில் சீட்டைத் தமிழிலும் தர வேண்டும். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்தப் பல்லுக்காக என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். தங்கள் இதழ் இதைப் பாலக்காடு மாவட்ட சுகாதாரத் துறையின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியை ஒருவர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.