கேரட்டை லாரியில் ஏற்றுவதற்கு முன்

கேத்தி, நீலகிரி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டுக் குளிர் பிடித்துவிட்டது.

அப்புறம், கறிக்கு வளர்க்கிற உன் ஜெர்சிக் கலப்புக் காளைகளுக்குக் கழிவு கேரட்டைத் தாராபுரத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அனுப்பலாம், ஆனால் கணக்கைப் பார். கேரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். 300 கிலோ காளைக்கு, ஈரம் போக, ஒரு நாளைக்கு ஏழு கிலோவாவது தீனி வேண்டும். கேரட்டை மட்டும் போட்டால் அறுபது கிலோ ஆகும். மலையிலிருந்து தண்ணீர் இறக்கவா வாடகை கொடுக்கப் போகிறாய்? கேரட் கழுவுகிற இடத்தில் உடைந்தது, வெடித்தது, இரண்டு கால் விட்டது எல்லாம் இங்கே குவிந்து கிடக்கும். பக்கத்துக் கொட்டகைக்காரனுக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

நானும் கேரட்டை நம்பி மட்டும் வளர்ப்பதில்லை. முதலில் வைக்கோல், அது பாதி தீர்ந்த பிறகே கேரட். வெறும் வயிற்றில் இனிப்பும் மாவும் நிறைய விழுந்தால் வயிறு புளித்துக் கழிச்சல் கண்டுவிடும். புது மாட்டுக்கு இரண்டு மூன்று கிலோவில் தொடங்கி மெல்ல ஏற்றுவேன். சதை பிடிக்கப் புண்ணாக்கும் வேண்டும்.

எனக்குப் பயமெல்லாம் தீனிக்குப் போடுகிற சின்ன உருளைக்கிழங்கில்தான். மாடு தலையைத் தூக்கி விழுங்கும்போது முழுக் கிழங்கு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வெட்டித்தான் போடுகிறேன். அதோடு தொட்டிக்கு மேலே குறுக்காக ஒரு மூங்கிலும் கட்டியிருக்கிறேன். தலை தூக்க முடியாது, குனிந்தபடி மென்றுதான் ஆக வேண்டும். பச்சை ஏறியதும் முளை விட்டதும் நஞ்சு, அவற்றைக் குப்பையில்கூட மாடு எட்டாத இடத்தில் போடுவேன். முட்டைக்கோஸ் மேலிலை மருந்து குடித்தே வளர்ந்தது. எப்போது அடித்தார்கள் என்று தெரிந்த தோட்டமானால் மட்டும் எடுப்பேன், அதுவும் கொஞ்சம்தான்.

இன்னொன்று: மாதக்கணக்கில் கேரட் தின்ற மாட்டின் கொழுப்பு மஞ்சளாகிவிடும். பார்க்கிற வியாபாரி கிழட்டு மாடு என்று விலையைக் குறைப்பான். எருமைக்கு அந்தத் தொல்லை இல்லை, எவ்வளவு தின்றாலும் கொழுப்பு வெள்ளைதான்.

நமக்குள் வியாபாரம் என்றால் திருப்பிச் செய்யலாமே. இங்கே வைக்கோலுக்குத்தான் தட்டுப்பாடு. காய்கறி இறக்கிய லாரிகள் மேட்டுப்பாளையத்திலிருந்து காலியாக ஏறுகின்றன. உன் சோளத்தட்டு ஒரு லோடு அதுவரை வந்தால் போதும், மேலே ஏற்றுவது என் பாடு. என்ன விலை என்று எழுது.

அன்புடன்,
ராஜு