பேத்திக்கு வால்வெள்ளி காட்ட

அன்புள்ள சுந்தரம்,

கடலை பிடுங்க ஆள் கிடைக்காமல் அலைந்ததில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்றதும் கமலாவுக்கு நிம்மதி. பேத்தி வால்வெள்ளி காட்டச் சொல்கிறாள், எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீளக் கடிதம்.

1986இல் ஹாலி வந்தபோது ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அது உன் கண்ணின் குறையில்லை. பிப்ரவரி 9ஆம் தேதி ஹாலி சூரியனை நெருங்கியபோது பூமி சூரியனுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நன்றாக ஒளிர்ந்த நாட்களில் அது நமக்குத் தொலைவிலும் சூரிய வெளிச்சத்திலும் மறைந்துபோனது. 2061 ஜூலையில் திரும்பி வரும்போது சூரியனுக்கு நம் பக்கமாகவே வரும். உன் பேத்தி அதை நன்றாகப் பார்ப்பாள்.

ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பைனாகுலருக்கு எட்டும் வால்வெள்ளி அநேகமாக ஒவ்வொரு வருஷமும் வருகிறது. வருவது தெரியாமலும், தெரிந்தாலும் எதைத் தேடுவது என்று புரியாமலும்தான் பலர் தவறவிடுகிறார்கள். பத்திரிகையில் வரும் படங்கள் கேமரா பல விநாடி ஒளியைச் சேர்த்து எடுத்தவை. அந்தப் பச்சை நிறமும் நீண்ட வாலும் கண்ணுக்கு அப்படித் தெரியாது. நமக்குத் தெரிவது பெரும்பாலும் விளிம்பில்லாத, வெளிறிய ஒரு புகைத் திட்டு. நடுவில் சற்று அடர்த்தியாக இருக்கும். இருட்டான இடமாக இருந்தால் ஒரு பக்கம் மெல்ல நீண்டிருக்கும்.

செய்தியில் 4 மாக்னிட்யூட் (ஒளியின் அளவைச் சொல்லும் எண்) என்று போட்டிருந்தால் அதே எண்ணுள்ள நட்சத்திரம் போலத் தெரியும் என்று எண்ணிவிடாதே. நட்சத்திரத்தின் ஒளி ஒரே புள்ளியில் இருக்கிறது. வால்வெள்ளியில் அதே அளவு ஒளி, ஒரு சொட்டுப் பால் தண்ணீரில் கலைந்தது போலப் பரந்து கிடக்கிறது. அதனால்தான் உங்கள் ஊர்த் தெருவிளக்கு வெளிச்சத்தில் அது காணாமலே போய்விடும்.

ஆகவே முதலில் வானத்தில் எப்போதும் இருக்கும் புகைத் திட்டுகளைப் பேத்திக்குப் பழக்கு. பிரான்ஸில் சார்ல் மெஸ்ஸியே வால்வெள்ளி தேடும்போது, அதைப்போலவே தோன்றி ஏமாற்றுகிறவற்றையெல்லாம் பட்டியல் போட்டார். 1758இல் ரிஷப ராசியில் பார்த்த ஒரு மங்கலில்தான் அந்தப் பட்டியல் பிறந்தது. அவர் ஒதுக்கிவைத்தவைதான் இன்று புதியவர்களுக்கு நல்ல பயிற்சி. கார்த்திகை, மார்கழி முன்னிரவில் வடக்கே உயரத்தில் ஆந்திரமேடா என்ற கேலக்ஸியைப் பார். நம் ஊருக்கே உரிய வசதி ஒன்றும் உண்டு: மே மாதத்தில் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் அது தொடுவானத்துக்கு மேலேயே வராது. பைனாகுலரில் பார்த்தால் வாலில்லாத வால்வெள்ளியேதான். நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்றுத் தள்ளி வைத்தால் மங்கலானது தெளியும். இது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி நேரம் பார்ப்பது. சூரியனை நெருங்கும்போதுதான் பனி ஆவியாகி, தூசியோடு கிளம்பி வால் வளரும். அதனால் நல்ல வால்வெள்ளிகள் பலவும் விடியலுக்கு முன்போ அந்தி மங்கிய பின்போ தொடுவானத்தருகே கொஞ்ச நேரம்தான் நிற்கும். 2024இல் வந்த சுசின்ஷான்-அட்லஸையே எடுத்துக்கொள். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் விடியலில் கிழக்கே நின்றது. அக்டோபர் 2 அமாவாசை. நான் பார்த்தது அப்போதுதான், ஏரிக்கரையில். வெறும் கண்ணுக்கே வால் மேல்நோக்கி நின்றது. சந்தோஷத்தில் கமலாவைக் கூப்பிடக்கூடச் சட்டென்று வாய் வரவில்லை. அப்புறம் 12ஆம் தேதிக்குமேல் மாலையில் மேற்கே வந்தது, வெள்ளிக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கும் நடுவில். ஊரெல்லாம் பேசியது அந்த வாரத்தைத்தான். ஆனால் இங்கே வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது, 17ஆம் தேதி பௌர்ணமி வேறு. ஒரு வால்வெள்ளிக்கு இரண்டு வாய்ப்பு இருந்தால் முதல் வாய்ப்பிலேயே போய்விடு.

எங்கே இருக்கிறது என்பதற்கு வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் ஆப் போதும், வால்வெள்ளித் தரவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு ஒளிர்கிறது என்பதற்கு மட்டும் பழைய கணிப்பை நம்பாதே. 2013இல் ஐசான் வால்வெள்ளியைப் பற்றி எத்தனை பேச்சு! நவம்பர் 28 அன்று சூரியனைச் சுற்றும்போதே சிதைந்துவிட்டது. அந்த வாரம் கண்ணால் பார்த்தவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். கோப்ஸ் என்ற தரவுத்தளத்தில் உலகெங்கும் பார்க்கிறவர்கள் தங்கள் அளவைப் பதிகிறார்கள்.

டெலஸ்கோப் இப்போது வேண்டாம். 10x50 அல்லது 7x50 பைனாகுலர் வாங்கு, வானத்தை அகலமாகக் காட்டும். ஒரு நட்சத்திரம் கூர்மையான புள்ளியாகும்வரை திருகிவிட்டுத் தேடு. நீட்டிய கையில் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. தொடுவானத்திலிருந்து முஷ்டி வைத்தே உயரத்தை அளக்கலாம். செல்போனை ஸ்டாண்டில் வைத்து நைட் மோடில் ஒரு படம் எடுத்தால், கண்ணுக்கு முன்பே அது காட்டிக்கொடுக்கும். விடியலில் பார்த்தால் சூரியன் எழும் முன்பே பைனாகுலரைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். இதைப் பேத்தியிடம் கண்டிப்பாகச் சொல்.

சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது தான் எடுத்த புகைப்படத் தட்டில் ஒரு புது வால்வெள்ளியைக் கண்டார். பாப்பு-பாக்-நியூகிர்க் என்று அதற்குப் பெயர். காவலூர் வானாய்வகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பேத்திக்கு அவர் கதையையும் சொல்.

தை அமாவாசையை ஒட்டி மூவரும் இங்கே வாருங்கள். மழை விட்டிருக்கும். முன்னிரவில் வடமேற்கே ஆந்திரமேடா, கொஞ்ச நேரம் கழித்துக் கிழக்கே பூச நட்சத்திரத்தின் புகைத் திட்டு, இரண்டையும் ஒரே இரவில் அவளுக்குக் காட்டிவிடலாம். எந்த பஸ் என்று மட்டும் முன்னாடியே போன் பண்ணு, நிறுத்தத்துக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
ராமலிங்கம்