கடை வைக்கப் போவதில்லை

தன்லின் (யாங்கோன் பக்கம்), பர்மா,
ஜூலை 2025

அன்புள்ள ராசாத்திக்கு,

உன் குரல் பதிவுக்குப் பதில் போடாமல் இத்தனை நாள் இருந்ததற்கு நீ என்னென்ன திட்டியிருப்பாய் என்று தெரியும். மீதி இருப்பதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, அதைச் சொல்லிச் சொல்லியே என் காது வலிக்கிறது. பேரன் பர்மியப் பள்ளியில் நன்றாகப் படிக்கிறான், தமிழில் இன்னும் "ழ" வரவில்லை. நம் கணக்கு டீச்சர் மட்டும் அப்படியே இருக்கிறார், குடை உட்பட.

நான் வீட்டில் அரிசியும் தண்ணீரும் சேர்த்து வைப்பதைக் கேட்டு "என்னடி, வீட்டிலேயே மளிகைக் கடை வைக்கப் போகிறாயா?" என்று சிரித்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். பேசி அனுப்பலாம் என்றால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நெட் நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த வாரம் சென்னை வருகிறான். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி. சிரிக்காமல் படி.

ஏப்ரலிலிருந்து மாண்டலே அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த நிலநடுக்கம் வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். 7.7 என்று நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த கட்டடமே சரிந்ததே. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடும் விழவில்லை, சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் மட்டும். ஆனால் உள்ளே போக யாருக்கும் தைரியம் இல்லை. திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வெயிலில், நாற்பது டிகிரியில், தெருவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். இதில் என் தூக்கத்தைக் கெடுத்தது எது தெரியுமா? அக்கா வீட்டில் முழு அரிசி மூட்டை இருந்தது, பருப்பு இருந்தது, கருவாடு இருந்தது. எல்லாம் உள்ளே. ஆள் வெளியே. வெளியே வரும்போது அவள் கையில் இருந்தது கரண்டி.

செருப்புகூட இல்லை. வாசலெல்லாம் கண்ணாடி உடைந்து கிடந்ததால் இரண்டு காலிலும் வெட்டு. அவள் முதலில் தேடியது சோற்றை அல்ல. தண்ணீர், செருப்பு, பிரஷர் மாத்திரை. இந்த மூன்றும்தான்.

நாம் நர்கிஸ் புயலைப் பார்த்தவர்கள். நீ பார்க்கவில்லை, நீதான் 89-லேயே விமானம் ஏறிவிட்டாயே, சரி, நான் பார்த்தவள். 2008 மே 2 இரவு. அப்போது எங்களுக்கு நேர் எதிர் கதை. கூரைத் தகரம் பறந்துபோய், வீட்டுக்குள் இருந்த அரிசி முழுக்க நனைந்து மூன்றாம் நாளே நாற்றம். தகரமும் ஆணியும் மெழுகுவர்த்தியும் தங்க விலைக்கு விற்றன. ஐராவதி டெல்டா பக்கம் குளங்களிலும் கிணறுகளிலும் உப்புத் தண்ணீர் ஏறி, சுற்றிலும் வெள்ளம், குடிக்கச் சொட்டு இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் நாங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்தோம். அக்காவும் அப்படியே. அதனால் இப்போது என் வீட்டில் அரிசி மூன்று இடத்தில் இருக்கிறது. அடுப்படியில் கொஞ்சம், பரண்மேல் கொஞ்சம், பின்னால் விறகுக் கொட்டகையில் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டிரம்மில் கொஞ்சம். என் வீட்டுக்காரர் "எலிக்கு மூன்று கிளை திறந்திருக்கிறாய்" என்கிறார். சொல்லட்டும்.

அரிசியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, உனக்கே தெரியும். புழுங்கலரிசி பச்சரிசியைவிடத் தாங்கும். தவிடு எடுக்காத அரிசி உடம்புக்கு நல்லது என்று உன் மருமகள் வாங்கி அடுக்குகிறாளே, அதில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், சேமிப்புக்கு ஆகாது. டிரம்மை விளிம்புவரை நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடினால் வண்டு மூச்சுமுட்டிச் செத்துவிடும். வசம்பு போட்டால் மனசுக்கும் நிம்மதி. முக்கியமானது, வைத்ததை எடுத்துச் சாப்பிட வேண்டும். பழையதை முதலில் எடுத்து, புதிதைப் பின்னால் வைத்து. பூட்டி வைத்துவிட்டுக் கஷ்டகாலம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் கடைசியில் புழுவைத்தான் சேமிக்கிறார்கள். உளுந்தைப் பற்றி உனக்கு நான் சொல்லவே வேண்டாம், உன் இட்லிக்கு அரைக்கும் உளுந்தில் ஒரு பங்கு எங்கள் மண்ணிலிருந்துதான் கப்பல் ஏறி வருகிறது. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ நூடுல்ஸ் தின்றுவிட்டு "பர்மா ருசியே இல்லை" என்று அலுத்துக்கொள்கிறவள், காலையில் தட்டில் இருப்பதைக் கவனி.

அப்புறம் தண்ணீர். இங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக வீட்டில் பேச்சு.

யோசித்துப் பார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஆழ்குழாய்க் கிணறு, எல்லாவற்றிலும் மோட்டார். கரண்ட் நாலு மணி நேரம் வந்தால் நாலு மணி நேரம் போகிறது, சில நாள் அதுவும் இல்லை. அப்போது தண்ணீரும் போகிறது. காலடியில் தண்ணீர் இருந்தும் வாளி காலி. எனவே முதல் வேலையாக, மோட்டார் வந்த புதிதில் கழற்றிப் போட்ட அடிபம்பைத் தேடி எடுத்து, தோல் வாஷர் மாற்றி மறுபடி பொருத்தச் சொன்னேன். இப்போது கரண்ட் போன நேரத்தில் தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டு வாசலில். பழைய சண்டையெல்லாம் தீர்ந்துவிட்டது, அந்த மாவுச்சட்டி வீட்டோடுகூட! நம்புவாயா?

அடுத்தது மழை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் தகரக் கூரை ஏறக்குறைய 50 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழைக்கு 500 லிட்டர், சிந்தியது சிதறியது போக 400 என்று வை. யாங்கோன் பக்கம் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. கணக்குப் போட்டுக் கணக்கு டீச்சரிடம் காட்டினேன், அவர் குடையை மடக்கி வைத்துவிட்டுச் சரிபார்த்தார். ஆனால் இந்த மழை முழுக்க மே நடுவிலிருந்து அக்டோபர்வரைதான். அதற்குப் பிறகு ஆறு மாதம் வானம் காய்ந்து கிடக்கும். ஆகையால் பிடிப்பது பெரிய விஷயமில்லை, வைப்பதுதான். சவுக்மியாங் ஊரிலிருந்து வரும் அந்தப் பெரிய பளபளப்பு ஜாடிகள் நினைவிருக்கிறதா, உன் அப்பா கடைக்குப் பின்னால் ஒளிந்து விளையாடுவோமே, அவற்றைப் பழைய வீடுகளில் தேடித் தேடி வாங்கினேன். முதல் மழையைப் பிடிக்கக் கூடாது, தூசியும் பறவை எச்சமும் கழுவிப் போக விட வேண்டும். ஜாடி வாய்க்கு வெள்ளைத் துணி இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியதாகிவிடும்.

கலங்கிய தண்ணீருக்குப் பாட்டி செய்ததையேதான் செய்கிறேன். பானையின் உட்பக்கம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிட்டால் மண் அடியில் படிந்துவிடும். ஆனால் தெளிவதும் சுத்தமாவதும் ஒன்றல்ல, கிருமி அப்படியேதான் இருக்கும். தெளிந்த பிறகு கொதிக்க வைக்க வேண்டும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். விறகுக்குப் பஞ்சம் என்றால் வாசனை சேர்க்காத சாதாரண ப்ளீச், 5 சதவீதம் என்று போட்டிருப்பது, லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் மூடி வைக்கலாம். லேசாகக் கலங்கியிருந்தால் நாலு சொட்டு. இதுவும் இல்லையா, நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வை. மேகமாக இருந்தால் இரண்டு நாள். கோயில் கமிட்டிப் பையன்கள் வந்து இதையெல்லாம் எழுதித் தரச் சொன்னார்கள். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி, என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அன்னதானக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். என் கையெழுத்தைப் பார்த்து யாருக்கும் பேதி நிற்குமா என்று அவர் கேட்கிறார்.

வெளிச்சத்துக்குச் சின்ன சோலார் தகடும் ஒரு 12 வோல்ட் பேட்டரியும். ஈய பேட்டரியை முழுக்க வடித்துவிட்டால் சீக்கிரம் செத்துப்போகும், பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதி எடுத்தால் இரண்டு எல்.இ.டி. பல்பும் ஒரு சின்ன டி.சி. விசிறியும் ராத்திரி முழுக்க ஓடும். மிக்ஸி ஓட்டலாமா என்று மருமகள் கேட்டாள். அம்மியைக் காட்டினேன். அவ்வளவுதான் இதில்.

பணத்தைப் பற்றி உன்னிடம் மட்டும்தான் பேச முடியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை என்கிறார்கள். ஜப்பான்காரன் நோட்டு 1945-இல் வெறும் காகிதமாகிப் போனதைப் பாட்டி சொல்லுவாள். 1964-இல் 50, 100 நோட்டு போச்சு. அது நமக்கு விவரம் தெரியாத வயசு, அப்பா சாப்பிடாமல் படுத்திருந்தது மட்டும் ஞாபகம். 1985-இல் 50, 100 செல்லாது என்றார்கள், பதிலுக்கு 75 கியாட் என்று ஒரு விநோத நோட்டு வந்தது, பின்னால் 15, 35. அதையும் வாங்கிப் பழகினோம். 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 மூன்றும் ஒரே நாளில் போச்சு, மாற்றிக்கூடத் தரவில்லை. உன் அப்பா அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாரே. நாம் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். நீ அழவில்லை, எனக்கு இன்னும் அது ஆச்சரியம். 2021-இல் பணம் எடுக்க வங்கி வாசலில் டோக்கனுக்கு வரிசையில் நின்றபோது அந்தப் பெட்டிதான் கண்முன் வந்தது. அதனால் என் கணக்கு எளிது: ஒரு மாதச் செலவுக்குச் சில்லறை நோட்டாக, கொஞ்சம் நகையாக, மீதி இருந்தால் கூரைத் தகரமாக, உப்பாக, சோப்பாக. உப்பை யாரும் செல்லாது என்று சொல்லிவிட முடியாது. மற்றதை இங்கே எழுத வேண்டாம், உனக்குப் புரியும்.

இப்போது சிரித்தது போதும், நான் சொல்வதைக் கேள். நீ என்னைக் கேலி செய்தாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் உன் வீட்டு வாசலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், போன் எடுக்கவில்லை, நான் இங்கே பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம் பேசும்போது என்ன சொன்னாய்? பாலுக்கு அலைந்தோம், டேங்கில் தண்ணீர் இல்லை, ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, அண்ணனின் இன்சுலின் என்ன ஆகுமோ என்று பயந்தேன் என்றாய். அதற்குப் பிறகு என்ன ஏற்பாடு செய்திருக்கிறாய்? ஒன்றும் செய்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும் உன்னை.

பிரித்த இன்சுலின் பெரும்பாலும் முப்பது டிகிரிக்குக் கீழே நாலு வாரம் தாங்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு, அண்ணன் போடும் மருந்துக்கு எவ்வளவு என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வை. ஃப்ரிட்ஜ் நின்றால் மண்பானையை ஈரமணலில் புதைத்து, மருந்தை நனையாத டப்பாவில் போட்டு அதற்குள் வைக்கலாம். வெயில் காலத்தில் நன்றாகக் குளிரும். மழை நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது, அதுவும் உன் ஊரில் கஷ்டம் வருவது மழையில்தானே. ஐஸில் நேராகப் படும்படி மட்டும் வைத்துவிடாதே, உறைந்த மருந்து வீண். மருந்துச்சீட்டை நகல் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போடு. நீ இருப்பது தரைத்தளம். அரிசி, அடுப்பு, ஆதார், வீட்டுப் பத்திரம் எல்லாம் மேல்வீட்டுக்காரியிடம் ஒரு பெட்டியாகக் கொடுத்து வைக்க முடியுமா பார், அவளோடு சண்டை என்றால் முடித்துக்கொள். கரி அடுப்பை மழைக்குப் பயந்து ஜன்னல் மூடிய அறையில் மூட்டாதே. அந்தப் புகையில்லாத நஞ்சு தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். கட்டிலுக்கடியில் செருப்பும் டார்ச்சும். இது அக்கா சொல்லச் சொன்னது.

வடகிழக்குப் பருவமழைக்கு அக்டோபர்வரை நேரம் இருக்கிறது. குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர், நீங்கள் மூன்று பேர், ஒரு வாரத்துக்கு 63 லிட்டர். நாலு கேன் வாங்க உன் மகனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வாங்கியதும் எங்கே வைத்தாய் என்று படம் எடுத்து அனுப்பு. படம் இல்லாமல் "வாங்கிட்டேன்டி" என்று மட்டும் சொன்னால் நம்ப மாட்டேன்.

பையன் திரும்பி வரும்போது வசம்பு ஒரு கட்டு, தேற்றாங்கொட்டை அரைக் கிலோ கொடுத்துவிடு, இங்கே கிடைப்பது மட்டம். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மங்களம்