குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கத்திரி வெயிலையும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு ஆண்டில் ஐந்து முறை கூடியது. சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் கோலப்போட்டியும் வழக்கம்போல் நடந்தன. மூன்று தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. வடிகால் தூர்வார மனு கொடுத்திருக்கிறோம்.

பழைய காகிதக் கூழில் விதை கலந்து, மண்ணில் வைத்தால் முளைக்கும் தாளாகச் செய்யும் விதைத்தாள் பணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "பழைய பேப்பரை எடைக்குப் போட்டாலே காசு வருமே, அதை அரைக்கச் சங்கப் பணமா?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். மரச்சட்டம், கொசுவலை, விதை, ஒரு பழைய மிக்சி, எல்லாம் சேர்த்து ஆன செலவு 2,350 ரூபாய்தான். காகிதத்துக்குக் காசு கொடுக்கவில்லை. பிள்ளைகள் எழுதித் தீர்த்த நோட்டுகளே போதுமானதாக இருந்தன.

நோட்டுத் தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, மிக்சியில் கூழாக அரைக்கிறோம். கூழ் அரைத்து முடிந்த பிறகுதான் விதையைக் கலக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் கூழைக் கரைத்து, வலை அடித்த சட்டத்தால் அள்ளி, பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து, ஒற்றியெடுத்து நிழலில் காயப்போட வேண்டும். சிறுகீரை, அரைக்கீரை, துளசி போன்ற பொடி விதைகளே இதற்கு ஏற்றவை. அவரையும் பூசணியும் தாளில் நிற்காது.

சென்ற ஆண்டு மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. ஜூலை 28இல்தான் திறந்தார்கள், அதன்பிறகே ஆற்றில் தண்ணீர் வந்தது. ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கன்று கும்பகோணத்தில் காவிரியின் கிளையான அரசலாற்றுப் படித்துறைக்கு வந்த பெண்களுக்கு 140 விதைத்தாள் துண்டுகள் கொடுத்தோம். பாதிக்கு மேல் முளைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாள் அட்டைபோல் தடித்துப்போனதால் முளை மேலே வர முடியாமல் உள்ளேயே வெளுத்துச் செத்தது. அடுத்த முறை கூழைக் குறைத்து மெல்லியதாக எடுத்தோம்.

அதற்குள் நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் மழை பிடித்துக்கொண்டது. என் வீட்டுத் திண்ணையில் போட்ட 80 தாள்களும் காயவே இல்லை. நான்காம் நாள் காலை பார்த்தால், துணியோடு ஒட்டிக் கிடந்த தாள்களின் மேல் சிறுகீரை வெளிர்த் தண்டும் இரண்டிரண்டு இலையுமாகக் கூட்டமாய் நின்றது. எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. தாளோடு பெயர்த்துத் தொட்டி மண்ணில் வைத்தேன். மார்கழியில் கீரை பறித்தோம்.

ஒரே நாளில் காய்ந்தாக வேண்டும் என்று அன்று தெரிந்தது. தை பிறந்த பிறகு மின்விசிறிக்கடியில் காயவைத்த தாள்கள் நன்றாக வந்தன. மாசியில் கீழக்கோடி வீட்டு வளைகாப்புக்கு 60 அழைப்பிதழ்கள் இந்தத் தாளில்தான். அச்சு இயந்திரத்தில் விட்டால் விதை நசுங்கும் என்பதால் அத்தனையும் கையால் எழுதினோம். கிழித்து நனைத்து, மேலே விரல்கனம் கூட இல்லாமல் மண் தூவியவர்கள் வீட்டிலெல்லாம் துளசி இருக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் வந்து கை கொடுத்தவர்கள் நான்கே பேர். ஞாயிறுதோறும் அதே நான்கு பேர். சங்கத்தில் 64 வீடுகள். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். 23 வீடுகளின் பாக்கி நிற்கிறது, சிலருடையது மூன்று ஆண்டாக. பெயர் வாசிக்க எனக்கு மனமில்லை. ஆனால் தெருவிளக்கு எரியவில்லையென்றால் முதலில் என் கதவைத் தட்டுபவர்களும் அவர்களில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. கையிருப்பு சொற்பம். விவரத்தைப் பொருளாளர் அவர்களிடம் பார்த்துக்கொள்ளலாம். அவருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த கல்யாண மண்டபத்தாருக்கும், நாற்காலி கொடுத்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆடிப்பட்டத்துக்கு 300 தாள் வேண்டும். ஆனி பிறந்ததும் தொடங்கினால்தான் முடியும். எனக்கு மூட்டுவலி, குனிந்து சட்டம் தூக்க முன்போல் முடியவில்லை. இளையவர் யாராவது இந்தப் பொறுப்பை ஏற்றால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். அதுவரை ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் வீட்டுக் கொல்லைக் கதவு திறந்திருக்கும். வழவழப்பான தாளும் பிளாஸ்டிக் பூச்சு அழைப்பிதழும் வேண்டாம். மற்ற பழைய தாள்களை, ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிவிட்டுக் கொண்டுவாருங்கள். சந்தாவையும் அப்போதே தரலாம், ரசீதுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்