ஓடாத அபு பெட்டி: இளங்கோவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள இளங்கோ,

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த, சத்யஜித் ரேயின் அபு படங்கள் மூன்றும் உள்ள ப்ளூரே பெட்டி உன் பிளேயரில் ஓடவில்லை, டிஸ்க்கை உள்ளே விட்டதும் ரீஜியன் பொருந்தவில்லை என்று ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது, ஒருவேளை கள்ளப் பிரதியோ என்று கேட்டிருந்தாய். கள்ளப் பிரதி இல்லை. பிளேயரிலும் கோளாறு இல்லை. இரண்டையும் வெவ்வேறு ஊர்க்காரர்களுக்காகச் செய்திருக்கிறார்கள்.

ப்ளூரேவுக்காக உலகத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா, ஜப்பான், கொரியா, தென்கிழக்காசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, வளைகுடா நாடுகள், ஆஸ்திரேலியா பி. இந்தியா, சீனா, ரஷ்யா சி. கிரைட்டீரியன் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட இந்தப் பெட்டி ஏ-வுக்குப் பூட்டியது. நம் ஊர்க் கடையில் வாங்கிய உன் பிளேயர் சி. டிவிடிக்கு இது வேறு கணக்கு, அங்கே எண்கள்: அமெரிக்கா 1, ஐரோப்பா 2, இந்தியா 5.

இதற்கு வழி உண்டு. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சொந்தக்காரர் யாராவது இருந்தால் அங்கே கடையில் விற்கும் சாதாரண பிளேயரையே வாங்கிவரச் சொல். அது ஏ ரீஜியன், மின்சாரமும் நம் ஊர் வோல்டேஜ்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். துபாயிலிருந்து வந்தால் பி. பிரிட்டிஷ் வெளியீடுகளைத் தேடிச் சேர்ப்பவருக்கு அது உதவும். அமெரிக்காவில் வாங்குவதானால் பின்பக்கத்தில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்கச் சொல். 120 மட்டும் போட்டிருந்தால் இங்கே சொருகிய நொடியில் பவர் சப்ளை போய்விடும்.

‘ரீஜியன் ஃப்ரீ’ என்று ஆன்லைனில் விற்கும் பிளேயர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலவும் டிவிடிக்கு மட்டுமே பூட்டுத் திறந்தவை. டிவிடி பூட்டைப் பல பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே திறந்துவிடலாம், ப்ளூரே பூட்டு அவ்வளவு லேசில் திறக்காது. “ப்ளூரேவில் ஏ, பி, சி மூன்றும் ஓடுமா, எப்படி மாற்றுவது?” என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. அப்படித் திறந்த பிளேயருக்கு சாஃப்ட்வேர் அப்டேட் போடுவதற்கு முன்பும் அவரைக் கேள், அப்டேட்டில் பூட்டு திரும்ப விழுந்துவிடலாம். 4கே டிஸ்க்குகளுக்கு ரீஜியன் கிடையாது. அபு படங்கள் 4கே-யிலும் வந்திருக்கின்றன. ஆனால் கிரைட்டீரியனின் 4கே பெட்டிகளில் பேட்டிகளும் ஆவணப்படங்களும் பெரும்பாலும் கூடவே வரும் ப்ளூரே டிஸ்க்கில்தான் இருக்கும், அது ஏ-தான். 4கே பிளேயர் வாங்கினாலும் ரீஜியன் தொல்லை முழுதாகத் தீராது.

பிளேயர் வந்து சேரும்வரை டிவியைத் தயார் செய்து வை. புது டிவி பெட்டியிலிருந்து வரும்போது கடை வெளிச்சத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் ஏற்ற மாதிரி வைத்திருப்பார்கள். முதல் வேலை, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைப்பது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்துக்கு இடையிடையே டிவியே பொய்யான பிரேம்களைச் செய்து செருகுவதால்தான் சினிமா சீரியல் மாதிரி தெரிகிறது. 2019-க்குப் பிறகு வந்த பல டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோட் இருக்கிறது, அதைப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. ஷார்ப்னெஸ் நடுநிலையில் இருக்கட்டும். பல டிவிகளில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், சோனியில் 50. கலர் டெம்பரேச்சர் வார்ம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இது ரொம்ப முக்கியம், கூல் என்று இருந்தால் வெள்ளை வேட்டிகூட நீலம் போட்டது மாதிரி ஆகிவிடும். பிளேயரில் 24பி அவுட்புட்டைப் போட்டு வை, படம் நொடிக்கு 24 பிரேமாகவே டிவிக்குப் போகும்.

அபு படங்கள் மூன்றும் ஏறத்தாழ சதுரத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய சட்டகம், 1.37-க்கு 1. 55 அங்குல டிவியில் படத்தின் உயரம் 68 சென்டிமீட்டர், அகலம் 94 சென்டிமீட்டர்தான் வரும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும், நிற்கத்தான் வேண்டும். வீட்டில் யாராவது இழுத்துப் பெரிதாக்கச் சொன்னால் இணங்காதே. அதோடு ஓவர்ஸ்கேனையும் அணைத்துவிடு. எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன் என்று போட வேண்டும். ஓவர்ஸ்கேன் நாலு பக்கமும் சில சதவீதத்தை நறுக்கும். இந்தப் படங்களில் பக்கவாட்டில் கறுப்புப் பட்டைதான் நறுக்குப்படும், மேலும் கீழும் போவது படமே. தலை தட்டுகிற மாதிரி ஒரு குளோசப் வந்தால் கேமராமேனைக் குறை சொல்லும் முன் இந்த செட்டிங்கைப் பார்.

இனி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. 1993 ஜூலையில் லண்டனில் ஹெண்டர்சன் ஃபிலிம் லேபில் தீப்பிடித்தது. ரேயின் படங்களைப் பாதுகாப்பதற்காக அங்கே அனுப்பியிருந்த மூல நெகட்டிவ்கள் அதில் சிக்கின. எரிந்தும் உருகியும் கிடந்ததை ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகம் தூக்கிப் போடாமல் வாங்கி வைத்தது. இருபது வருஷம் கழித்து அந்த டப்பாக்களைத் திறந்து, இத்தாலியில் பொலோனியா நகரத்தில் உள்ள லிம்மாஜினே ரித்ரொவாதா லேபுக்கு அனுப்பினார்கள். காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்த சுருளுக்கு ஈரம் ஏற்றி இளகவைத்து, உருகிய டேப்பையும் பசையையும் சுரண்டி எடுத்து, ஓரத்துப் பல் ஓட்டைகளைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கையால் செய்த வேலை மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரம். அப்படியும் ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்குச் சற்று மேலும்தான் மூல நெகட்டிவிலிருந்து கிடைத்தது. ‘அபுர் சன்சார்’ நெகட்டிவில் எதுவும் தேறவில்லை. மிச்சத்துக்கு வெவ்வேறு காப்பகங்களில் இருந்த நகல்களை, அதாவது டூப் நெகட்டிவ்களையும் ஃபைன் கிரெய்ன் பிரதிகளையும் பயன்படுத்தினார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் திரையில் நடப்பது புரியும். ஒரு ஷாட் ஊசிமுனையாக இருக்கும், அடுத்த ஷாட்டில் கறுப்பு கொஞ்சம் வெளுத்து, முகத்தின் ஓரம் மெத்தென்று ஆகும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்காதே. அந்த இடத்தில் நெகட்டிவ் எரிந்துபோயிருக்கலாம், நீ பார்ப்பது ஓரிரு தலைமுறை தள்ளிய பிரதி. பல பழைய படங்களில் ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக மாறும் இடத்தில், சில சமயம் அந்த ஷாட் முழுக்கவே, சொரசொரப்பு கூடும். அந்தக் காலத்தில் டிஸால்வை லேபில் ஆப்டிகலாகச் செய்து, அப்படி வந்த பிரதியையே நெகட்டிவில் ஒட்டினார்கள். அதனால் வருவது.

கிரெய்ன் என்கிற அந்தப் பொடி ஃபிலிமின் உடம்பு. நுணுக்கமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. சில வெளியீடுகளில் அதை அழுக்கு என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் துடைத்துவிடுவார்கள். அதோடு தோலின் துவாரமும் துணியின் நெசவும் போய், முகங்கள் மெழுகு பூசியது போல ஆகிவிடும். ‘பதேர் பாஞ்சாலி’யில் நாணல் பூக்காடு ஒன்று வருகிறதே, அதை வைத்து எந்தப் பதிப்பையும் சோதித்துவிடலாம். நல்ல பதிப்பில் ஒவ்வொரு பூங்கொத்தும் தனித்தனியாக அசையும். பிரைட்னெஸ்ஸை ஏற்றிய பதிப்பில் அது ஒரே வெள்ளைப் போர்வை. (ரே இந்தக் காட்சியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போனபோது பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த வருஷம் பூக்கும்வரை காத்திருந்து மிச்சத்தை எடுத்தார்கள்.) ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் அடிபடுவதும் இந்த மாதிரி இடம்தான். ப்ளூரேவில் படத்துக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் இருக்கிறது, ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்கு. ஆயிரம் பூ ஒரே நேரத்தில் அசைந்தால் அது திணறும்.

பழைய ஐரோப்பிய டிவிடி ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது, ஐந்து நிமிஷம் குறைவாகப் போட்டிருக்கிறது, வெட்டியிருப்பார்களா என்றும் கேட்டிருந்தாய். வெட்டியிருக்க மாட்டார்கள். ஐரோப்பிய டிவிகளின் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 பிரேம். 24-ல் எடுத்த படத்தை அப்படியே 25-ல் ஓட்டிவிடுவார்கள், 125 நிமிஷப் படம் 120-ல் முடிந்துவிடும். இனி நேரம் குறைவாக இருக்கும் எந்த ஐரோப்பிய டிவிடியைப் பார்த்தாலும் டிவிடி நேரத்தை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்துப் பார், அசல் நேரம் வந்தால் படம் முழுசு. ஆனாலும் நான் இதை வாங்காதே என்பேன், காரணம் ஒலி. வேகம் கூடும்போது சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். ‘பதேர் பாஞ்சாலி’யில் அபுவின் அக்கா துர்கா இறந்த செய்தியை அப்பா ஹரிஹரிடம் சொல்ல முடியாமல் அம்மா சர்பஜயா வாய்விட்டு அழும் இடத்தில் அவள் குரல் நமக்குக் கேட்காது. அதற்குப் பதிலாக தார் ஷெனாய் ஒலிக்கும், குழல் பொருத்திய எஸ்ராஜ் அது. ரவிசங்கரின் இசை. அந்த உச்சஸ்தாயி அழுகையை இன்னும் ஏற்றிக் கேட்டால் வேறொரு வாத்தியம் மாதிரி ஆகிவிடுகிறது. ப்ளூரேவில் படம் 24-லேயே இருப்பதால் இந்தக் கோளாறு இல்லை.

‘இயக்குநரே ஒப்புதல் கொடுத்தது’ என்று அட்டையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? கூடாது. வில்லியம் ஃப்ரீட்கின் ‘தி ஃபிரெஞ்சு கனெக்‌ஷன்’ படத்துக்கு 2009 ப்ளூரேவில் வெளிறிய புது வண்ணம் கொடுத்தார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதைக் கடுமையாக எதிர்த்தார், 2012-ல் வண்ணத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாய் தன் ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ படத்தின் புதுப் பதிப்பில் சட்டகத்தையே 1.85-லிருந்து 2.39-க்கு மாற்றிவிட்டார். கலைஞருக்கு அந்த உரிமை உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் 1995-ல் தியேட்டரில் ஓடிய படம் வேண்டுமென்றால் பழைய டிஸ்க்கைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அதனால் புதுப் பதிப்பு வந்ததும் பழையதை விற்றுவிடாதே, இரண்டிலும் ஒரே காட்சியைப் போட்டுப் பார்த்து முடிவு செய்.

டிஸ்க்கைப் பராமரிப்பதில் இரண்டு விஷயம் போதும். முதலாவது கீறல். டிவிடியில் தகவல் இருக்கும் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ப்ளூரேவில் 0.1 மில்லிமீட்டர்தான். கீறலைத் தேய்த்துச் சரிசெய்யும் மெஷினில் ப்ளூரேவை ஒருபோதும் கொடுக்காதே. மேல்பூச்சு போனால் டிஸ்க்கே போச்சு. கைரேகை பட்டால் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடை, வட்டமாகத் துடைக்காதே. இரண்டாவது, உள்ளிருந்தே அரிப்பது. ஒரு பெரிய ஹாலிவுட் நிறுவனத்தின் டிவிடிகளில் 2006 முதல் 2008 வரை அச்சானவற்றில் பல இப்படிக் கெட்டுப்போய், நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. பழைய டிஸ்க் வாங்கும்போது பல்புக்கு எதிரே பிடித்துப் பார். ஊசித் துளை போல வெளிச்சம் தெரிந்தாலோ, ஓரத்தில் பால் சிந்தியது போல மேகம் கட்டியிருந்தாலோ விட்டுவிடு. புதிதாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைசிவரை ஓட்டிவிடு. இரண்டு அடுக்கு டிஸ்க்கில் பழுது பெரும்பாலும் படத்தின் நடுவில், ஒரு அடுக்கிலிருந்து மற்றதற்குத் தாவும் இடத்தில்தான் தெரியும், முதல் பத்து நிமிஷத்தில் தெரியாது. அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் ஏறி முதலில் கெடுவது பெட்டிக்குள் இருக்கும் சிறு புத்தகம்.

பார்க்கும் முறை பற்றி ஒன்று. முதல் தடவை மூன்று படத்தையும் ஒரே நாளில் பார்க்காதே, வாரத்துக்கு ஒன்று போதும். இரண்டாவது தடவை ‘அபராஜிதோ’வை எடு. சப்டைட்டிலை அணைத்துவிட்டு, காசியில் அபுவின் குடும்பம் குடியிருக்கும் வீட்டு முற்றத்தை மட்டும் கவனி. அது காசியில் எடுத்தது இல்லை. கலை இயக்குநர் பன்ஸி சந்திரகுப்தா கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். நாலு பக்கமும் சுவர் எழும்பிய முற்றத்தில் வெளிச்சம் மேலே வானத்திலிருந்து மட்டும் இறங்கும், அழுத்தமான நிழல் விழாது. செட்டில் விளக்கை நேராக அடித்தால் ஆளுக்கு நாலு நிழல் விழும். அதனால் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கூரை மாதிரி இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் படம் எடுத்தார். சர்பஜயா முற்றத்தில் நடக்கும்போது அவள் காலடியைப் பார். கறுத்த நிழல் இருக்காது, மெல்லிய மங்கல் ஒன்று கூடவே நகரும். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார், ஒரு கட்டத்தில் அந்த மங்கல் போய்விடலாம். திரும்பக் குறைத்து அது தெரியும் இடத்தில் நிறுத்து. உன் டிவிக்குச் சரியான அளவு அதுதான், எழுதி வைத்துக்கொள்.

பிளேயர் வாங்குவதற்கு முன் அதன் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. வோல்டேஜையும் ரீஜியன் முத்திரையையும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்