மஞ்சள் பெட்டைக்கு ஓய்வு கொடு

தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் பட்ஜி கிளிப் பெட்டை கூண்டின் தரையில் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது ஈடு முட்டை வைக்கத் தயாராகிறது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். எனக்கு அது தயாராகிற மாதிரி தெரியவில்லை.

பட்ஜி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒவ்வொன்றாக நாலைந்து முட்டை வைக்கும். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை அது தன் எலும்பிலிருந்தும் எடுத்துத்தான் கொடுக்கிறது. அடுத்தடுத்து இரண்டு ஈடு வளர்த்த உடம்பில் என்ன மிச்சம் இருக்கும்? சத்துப் போதாவிட்டால் முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். வாலை மேலும் கீழும் ஆட்டி முக்குகிறதா என்று முதலில் பார். முக்கினால் கதகதப்பாக வைத்து உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. நானே அமுக்கி எடுக்கிறேன் என்று இறங்காதே, உள்ளே உடைந்தால் போச்சு. அதெல்லாம் இல்லையென்றாலும் இன்றைக்கே முட்டை வைக்கும் பெட்டியைக் கூண்டிலிருந்து கழற்றிவிடு. பெட்டி கண்ணில் பட்டால் அது முட்டை வைக்கத்தான் பார்க்கும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு தொங்குகிறதா? படத்தில் காணோம். வெறும் தினையைப் போட்டால் பத்தாது, கீரையும் துருவிய கேரட்டும் வை என்று எத்தனை தடவை சொல்வது.

உனக்குக் கைராசி உண்டு, இல்லையென்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காக்டீல் கிளிக் குஞ்சுக்கு சிரிஞ்சில் கூழ் ஊட்டி வளர்த்தவன் நீ. சூடு அதிகமானால் இரை தங்கும் கழுத்துப் பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிக்காது என்று தெர்மாமீட்டரும் கையுமாக நிற்பாய். அப்பா கேலி செய்வார், ஆனால் வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிப் பெருமைப்படுவார். அந்தப் பொறுமை இப்போது எங்கே? படம் வருகிறது, போன் வருவதில்லை.

மாமா ஏதோ சொன்னார். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்குக் கூண்டருகே நின்று படம் எடுத்திருக்கிறாய், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

குஞ்சு விற்ற காசு சம்பளம் மாதிரி தேதி பார்த்து வராது. முட்டைகள் 18 நாளில் பொரிய ஆரம்பித்தாலும், வைத்த வரிசையில்தான் பொரியும். கடைசிக் குஞ்சு கண் திறக்காமல் கிடக்கும்போது மூத்ததற்கு இறகு முளைத்திருக்கும், சின்னது அடியில் நசுங்கிச் சாகும். எல்லாம் தப்பித்தாலும் வெளியே வர 5 வாரம் ஆகும். ஆசைக்கு வளர்க்கிறவன் யோசிக்காமல் பெட்டியைக் கழற்றுவான். வாடகையை நினைத்து வளர்க்கிறவனுக்குக் கழற்ற மனசு வராது.

அக்கா நன்றாக இருக்கிறாள். அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்.

பெட்டியைக் கழற்ற உனக்கு மனசு வரவில்லையென்றால் ஏன் என்று எனக்கு எழுது. பணம் அனுப்பட்டுமா, நான் வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா, எதுவானாலும் சரி. அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.

அம்மா